சால்வையும் சாக்பீஸும்

சென்ற மாதம் ஒரு கல்லூரியின் கணிதத் துறை நடத்திய 'தேசியக் கருத்தரங்க'த்துக்குப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். நீங்கள் படித்த கல்லூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒன்பதரைக்குத் தொடக்கம் என்றது அழைப்பிதழ். தாளாளர் வந்து சேர்ந்தது பத்தே முக்காலுக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு (ஃபேன் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்ததால் ஐந்து திரிக்கு ஆறு நிமிடம்), வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, மலர் வெளியீடு. மேடையில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் சால்வை. சால்வை போர்த்தியவருக்கு இன்னொருவர் வந்து சால்வை போர்த்தினார். நினைவுப் பரிசைக் கொடுத்தவரும் வாங்கியவரும் போட்டோகிராபர் தலையாட்டும்வரை கையை எடுக்கவில்லை. மேடைக்குக் கணிதம் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

சிறப்புப் பேச்சாளர் வெளியூர்ப் பேராசிரியர். நாற்பது நிமிடத்தில் அறுபது ஸ்லைடுக்கு மேல் ஓட்டினார். எடுத்துக்கொண்ட விஷயம் என்னவோ அருமையான விஷயம்தான். கணினி அறிவியலில் 'கிராஃப்' என்று ஒன்று உண்டு. கொஞ்சம் புள்ளிகள், புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகள், அவ்வளவுதான். புள்ளியை ஆள் என்றும் கோட்டை நட்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹாஸ்டலில் யாருக்கு யார் நண்பன் என்று படம் போடுகிறீர்கள். பக்கத்து ஹாஸ்டலுக்கும் போடுகிறீர்கள். பெயர்களை அழித்துவிட்டால் இரண்டு படமும் ஒன்றுதானா? இந்த ஹாஸ்டல் ஆட்களை அந்த ஹாஸ்டல் ஆட்களோடு ஒருவருக்கு ஒருவராக ஜோடி சேர்த்து, இங்கே நண்பர்களாக இருப்பவர்கள் அங்கேயும் நண்பர்களாக இருக்கும்படி செய்ய முடியுமா? பத்துப் பேர் என்றால் ஜோடி சேர்க்கும் வழிகள் 36,28,800. இருபது பேர் என்றால் 24-க்குப் பின்னால் 17 பூஜ்யம். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குறுக்கு வழி உண்டா என்பதுதான் கேள்வி.

பேச்சாளர் ஒரு ஸ்லைடில், "இரண்டு கிராஃபிலும் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் கோடுகள் இருந்தால் இரண்டும் ஒன்றே" என்று போட்டார். அடுத்த ஸ்லைடுக்குத் தாவினார். நான் குறித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையிலிருந்து எம்.எஸ்ஸி. படிக்கும் ஒரு பெண் எழுந்து நின்றாள். "சார், அந்த முன்னாடி ஸ்லைடு... அது எப்படி வருதுன்னு புரியலை சார்."

பேச்சாளர் நிமிர்வதற்குள் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "டவுட்டெல்லாம் லஞ்ச்ல கேட்டுக்கலாம்மா. சாருக்கு ஃப்ளைட் இருக்கு. உக்காரு."

உட்கார்ந்தாள். நன்றியுரை பன்னிரண்டு நிமிடம் நடந்தது. பந்தல் போட்டவருக்கும் நன்றி சொன்னார்கள். சாப்பாட்டு வரிசையில் அந்தப் பெண் தட்டோடு நின்றபோது பேச்சாளரின் கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

நான் போய்க் கேட்டேன், "என்னம்மா புரியலை?" நோட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டே படம். ஒன்று அறுகோணம், ஆறு புள்ளி வட்டமாகக் கைகோத்து நிற்பதுபோல. இன்னொன்று தனித்தனியாக இரண்டு முக்கோணம். அதிலும் ஆறு புள்ளிதான். இரண்டு படத்திலும் எல்லாருக்கும் இரண்டே இரண்டு நண்பர்கள். "இது ஒரே குரூப் சார். அது ரெண்டு குரூப். எப்படி சார் ரெண்டும் ஒண்ணாகும்?"

ஆகாது. அவள் சொன்னது சரி, பேராசிரியர் ஸ்லைடு தப்பு. நண்பர்களை எண்ணிப் பார்ப்பது, நண்பர்களின் நண்பர்களை எண்ணிப் பார்ப்பது போன்ற சுலபமான உபாயங்கள் எல்லாமே முதலில் வழுக்கி விழுவது இந்த ஆறு புள்ளியில்தான். தொழில்முறை ஆராய்ச்சியாளர்கள் பாடம் நடத்தும்போது சொல்லும் உதாரணத்தை, யாரும் சொல்லித்தராமல் நோட்டின் ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறாள் ஒரு பெண். அவளை உட்கார வைத்துவிட்டோம். பேராசிரியர் தப்போடு விமானம் ஏறிவிட்டார். அரங்கத்தில் இருந்த இருநூறு பேர் தப்பைச் சான்றிதழோடு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

இப்போது இதே கேள்வியோடு வேறு ஊருக்குப் போவோம். 2015 நவம்பர் 10, சிகாகோ பல்கலைக்கழகம். லாஸ்லோ பாபாய் என்ற ஹங்கேரிக்காரப் பேராசிரியர் அங்கே வாராவாரம் நடக்கும் சாதாரண செமினாரில் பேசினார். விஷயம் நம்முடைய ஹாஸ்டல் கணக்குதான். நடைமுறையில் வரும் கிராஃப்களைக் கணினிகள் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. ஆனால் எவ்வளவு குதர்க்கமான படத்தைக் கொடுத்தாலும் இத்தனை நேரத்துக்குள் முடியும் என்ற உத்தரவாதம் வேண்டுமே. 1983-ல் கிடைத்த உத்தரவாதம் முப்பது வருடத்துக்கு மேல் நகரவே இல்லை. பாபாய் அதை ஒரே தாவாகத் தாவிவிட்டதாகச் சொன்னார். அரங்கம் பிதுங்கி வழிந்தது. குத்துவிளக்கு கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ்.

உலகமே கைதட்டியது. இனிமேல்தான் கதை.

பாரிஸில் 1948-லிருந்து 'புர்பாக்கி செமினார்' என்று ஒன்று நடக்கிறது. அங்கே பெரும்பாலும் தன் கண்டுபிடிப்பைத் தானே பேசுவதில்லை. இன்னொருவர் செய்ததை எடுத்துப் படித்து, ஜீரணித்து, மற்றவர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள்! தன் சரக்கை விற்பவன் ஓட்டையைத் துணியால் மூடுவான். அடுத்தவன் சரக்கைக் கையில் வாங்கினவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பாபாயின் தேற்றத்தை விளக்கும் வேலை, பெரு நாட்டில் பிறந்த ஹரால்டு ஹெல்ஃப்காட் என்பவரிடம் வந்தது. 2017 ஜனவரி மத்தியில் பேச வேண்டும். மனிதர் வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் கணக்கு இடித்தது. பாபாய் சொன்ன வேகம் அந்த வழியில் வராது.

பாபாய் என்ன செய்தார்? "டவுட்டை லஞ்ச்ல கேட்டுக்கலாம்" என்றாரா? 2017 ஜனவரி 4-ம் தேதி, தப்பு இருக்கிறது, கண்டுபிடித்தவர் ஹெல்ஃப்காட், நான் சொன்ன வேகம் இப்போதைக்கு நிற்காது என்று தானே பகிரங்கமாக எழுதினார். அப்போது அவர் அறுபது வயதைத் தாண்டியவர், அந்தத் துறையின் பெரிய தலைகளில் ஒருவர். ஐந்தே நாளில், 9-ம் தேதி, ஓட்டையை அடைத்துவிட்டதாக அடுத்த அறிவிப்பு. அந்த வாரக் கடைசியிலேயே ஹெல்ஃப்காட் பாரிஸில் எழுந்து நின்று, திருத்தப்பட்ட நிரூபணத்தை விளக்கினார். கண்டுபிடித்தவருக்கும் பெயர், திருத்தியவருக்கும் பெயர். யாருக்கும் சால்வை இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். செமினார் என்பது பேசுகிறவரை நிறுத்துவதற்காக ஏற்பட்ட இடம். நிறுத்த முடியாத பேச்சுக்குத் தமிழில் வேறு பெயர்கள் இருக்கின்றன: சொற்பொழிவு, ஆசியுரை, பிரசாரம். அவற்றுக்கெல்லாம் தனி மேடை உண்டு. பேசுபவர் நிற்காமல் போகலாம், கேட்பவர் எழுந்திருக்கக் கூடாது என்று ஆகிவிட்ட நிகழ்ச்சிக்குக் 'கருத்தரங்கம்' என்று பேனர் கட்டுவது, தண்ணீர்ப் பந்தல் என்று போர்டு மாட்டிவிட்டு காலிக் குடத்தை வைப்பதுபோல.

நிஜ கணித செமினார் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? டீயில் ஆரம்பிக்கும். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர். பேசுபவர் பலகையில் முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் ஒரு குரல் வரும்: "அந்த எழுத்து என்ன?" அடுத்து, "இது எப்போதும் உண்மையா, இல்லை இந்த இடத்துக்கு மட்டுமா?" ஐந்து நிமிடம் அதிலேயே போகும். முன்வரிசையில் தலை நரைத்த பேராசிரியர், "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்பார். அவருக்கு அதில் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. நம் ஊரில் "புரியவில்லை" என்பது மாணவனின் குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அங்கே அதுதான் தொழில்கருவி. புரியவில்லை என்று சொல்லத் தெரியாதவனுக்குத் தியரி பக்கம் வேலையே இல்லை. ஏனென்றால் இது சோதனைச் சாலை இல்லாத அறிவியல். ரசாயனத்தில் தப்புச் செய்தால் குழாய் வெடிக்கும். பாலம் தப்பென்றால் இடியும். நிரூபணம் தப்பாக இருந்தால் சத்தமே வராது, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் வாயைத் திறந்தால் ஒழிய.

மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்று ஒருவர் 1943-ல் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் திங்கட்கிழமைதோறும் செமினார் நடத்தினார். பெரிய கணித மேதைகளும் வருவார்கள், பள்ளிக்கூடப் பையன்களும் வருவார்கள். நடுவில் பேச்சை நிறுத்தி, கூட்டத்தில் ஒருவனை எழுப்பி, "இதுவரை இவர் சொன்னதை நீ சொல்" என்பார். அவனுக்குச் சொல்ல வரவில்லை என்றால் பேச்சாளர் மேலே போகக் கூடாது! கெல்ஃபாண்ட் வாய் கொஞ்சம் மோசம். பலரை மேடையிலேயே அழ விட்டிருக்கிறார் என்ற பேச்சு உண்டு. அந்த முரட்டுத்தனத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. அது இல்லாமலும் கேள்வி கேட்கலாம். ஆனால் சின்னப் பையனுக்குப் புரியும்வரை பெரியவர் காத்திருக்க வேண்டும் என்ற அந்த ஒரு விதியை மட்டும் நம் துறைத் தலைவர்களின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைக்க ஆசை.

"அதெல்லாம் வெளிநாட்டு சமாசாரம் சார், நம்ம கல்ச்சர் வேற" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துப் போகிறேன். லஸ் சர்ச் ரோடில் 'ஏகாம்ர நிவாஸ்' என்று ஒரு வீடு. அரசியல் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. ஐம்பதுகளின் கடைசியில் அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த வீட்டில் இயற்பியல் தியரி செமினார் நடத்த ஆரம்பித்தார். பல்கலைக்கழக உத்தரவு இல்லை, கட்டடம் இல்லை, பட்ஜெட் இல்லை. 1960-ல் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் (அணுவின் படத்தைப் போட்டுக் கொடுத்த அதே போர்) அந்தக் குழுவைப் பார்த்து அசந்து போனார். செய்தி நேருவரைக்கும் போயிற்று. மாநிலத்தில் சி.சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தரமணியில் இன்று நீங்கள் பஸ்ஸில் கடந்து போகும் 'மேட்சயின்ஸ்' அதுதான். ஒரு வீட்டு ஹாலில் நடந்த செமினாரிலிருந்து முளைத்த நிறுவனம்.

இன்னொன்றும் உண்டு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ராணி சிரோமணி என்று ஒரு பேராசிரியை. கணினியையே பலரும் பார்த்திராத காலத்தில் கணினித் தியரியில் ஆராய்ச்சி செய்தவர். வாசலில் போடும் கோலத்துக்கு இலக்கணம் உண்டு, அதைக் கணினிக்குப் புரிகிற விதிகளாக எழுதலாம் என்று அவரும் கணவர் கிஃப்ட் சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974-ல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். லயோலாவில் ஃபாதர் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மாணவர்களைப் புதுக் கணிதத்தின் பக்கம் திருப்பி விட்டார். அப்படித் திரும்பியவர்களில் ஒருவரான சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் ஆரம்பித்ததுதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம். ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவில், கம்ப்யூட்டரைத் திறக்காமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசும் இடம். சேஷாத்ரி கச்சேரி செய்யுமளவுக்குப் பாடவும் செய்தவர். இவர்கள் யாரும் மாஸ்கோவிலிருந்து இறக்குமதி ஆனவர்கள் இல்லை. ஃபாதர் ரசீனைத் தவிர, சரி.

பின் எங்கே போயிற்று? மதிப்பெண்ணுக்குப் போயிற்று. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்குக் கொண்டுவந்தது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இத்தனை, 'தேசிய' என்றால் இத்தனை, 'சர்வதேச' என்றால் இன்னும் கூட. 2018-ல் விதிகளைத் திருத்தினார்கள். கருத்தரங்கப் புள்ளி மட்டும் போகவில்லை. விளைவு என்ன? நேபாளத்திலிருந்து ஒருவர் ஆன்லைனில் ஐந்து நிமிடம் வணக்கம் சொன்னால் கருத்தரங்கம் 'சர்வதேச'மாகிவிடும். ஒரே நாளில் நாலு அறைகளில் எண்பது கட்டுரை, ஆளுக்கு ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒரு தேற்றத்தின் பெயரைச் சொல்லலாம். கேள்விக்கு நேரம் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த அட்டவணையின் உள்நோக்கமே. பதிவுக் கட்டணம் கட்டியவரைக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தினால் அடுத்த வருடம் யார் கட்டுவார்?

ஆசிரியர்களை மட்டும் நான் திட்டவில்லை. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம், அட்மிஷன் டியூட்டி, தேர்வுத் தாள், நாக் கமிட்டிக்கு ஃபைல். இதற்கு நடுவில் அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் பிழைப்புக்குச் செய்வதைப் பிழைப்புக்குச் செய்கிறோம் என்று ஒப்புக்கொள்ளலாமே. சான்றிதழ் விநியோக விழா என்று பேனர் போட்டால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். டீக்கடையில் வரும், சட்டசபையிலும் வரும். "பதினைந்து பேர் உட்கார்ந்து புள்ளியும் கோடும் பேசறதுக்கு நம்ம வரிப்பணமா? இதனால பருப்பு விலை குறையுமா?" குறையாது. இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: பகா எண்களைப் பற்றிய வெட்டி ஆராய்ச்சிதான் இன்று உங்கள் நெட் பேங்கிங்கைப் பூட்டி வைத்திருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடிக்காது. உபயோகம் சொல்லித்தான் உயிர் பிழைக்க வேண்டும் என்றால் பாதிக் கணிதம் செத்துவிடும். அதைவிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கரும்பலகை, சாக்பீஸ், டீ, இரண்டு பிஸ்கட். இதைவிட மலிவான ஆராய்ச்சி உலகத்தில் கிடையாது. வரிப்பணத்தைப் பற்றி அவ்வளவு கவலை என்றால், ஒன்பது சால்வைக்கும் கேடயத்துக்கும் கலர் பேனருக்கும் ஆன ரசீதைக் கேளுங்கள். அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நிஜ செமினார்காரர்களுக்கும் எனக்கும் ஒரு சண்டை உண்டு. அதையும் போட்டுவிடுகிறேன். அவர்களில் பாதிப் பேருக்குப் பேசத் தெரியாது. பலகையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பார்கள். எழுதியதை எழுதிய கையாலேயே அழிப்பார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பத்துப் பேரைத் தொலைத்துவிட்டு, மீதி ஒரு மணி நேரம் முன்வரிசையில் இருக்கும் இரண்டு பேரோடு குசலம் விசாரிப்பார்கள். "தெளிவாகத் தெரிவதுபோல" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்களே, அதைத் தடை செய்ய வேண்டும். புதிதாக வந்த மாணவி கடைசி வரிசையில் உறைந்து போய் உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. துறைத் தலைவர் அவளை அதட்டி உட்கார வைத்தார். இவர்கள் அதட்டாமலே உட்கார வைக்கிறார்கள். 2020-க்குப் பிறகு செமினார்கள் ஆன்லைனுக்கு வந்தபோது, இனி எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். கேட்கலாம்தான். கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு நாற்பது கறுப்புச் சதுரங்கள் கேட்கின்றன. அதற்குள் எத்தனை பேர் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எந்தத் தேற்றத்துக்கும் அடங்காது.

2002 ஆகஸ்டில் ஐ.ஐ.டி. கான்பூரில் மணீந்திர அகர்வால் என்ற பேராசிரியரும் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு பையன்களும் சேர்ந்து, ஒரு எண் பகா எண்ணா என்று நியாயமான நேரத்தில் சந்தேகமில்லாமல் சொல்லிவிடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது பக்கம்தான். ரொம்ப காலமாக உலகம் தேடிக்கொண்டிருந்தது. பையன்கள் இருவரும் பி.டெக். முடித்த வருடம் அது. பி.டெக். பிராஜெக்டில் ஆரம்பித்த வேலை. அவர்களை யாராவது "லஞ்ச்ல கேட்டுக்கலாம்" என்று உட்கார வைத்திருந்தால்? அப்படி எத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறோம் என்பதற்குக் கணக்கு கிடையாது. உட்கார்ந்தவர்கள் கட்டுரை எழுதுவதில்லை அல்லவா.

அந்தப் பெண்ணிடம் தரமணியையும் சிறுசேரியையும் சொன்னேன். செமினார் அறிவிப்புகளை அவர்கள் வலைத்தளத்தில் போடுகிறார்கள், பார் என்றேன். "எங்களையெல்லாம் உள்ள விடுவாங்களா சார்?" என்றாள். முதலில் ஒரு மெயில் போட்டுக் கேளும்மா, அதுவும் ஒரு கேள்விதானே என்றேன். சிரித்தாள். போவாளா என்று தெரியாது. ஹாஸ்டலில் ஆறு மணிக்குள் இருக்க வேண்டுமாம்.

அவள் அனுமதியோடு அறுகோணத்தையும் இரண்டு முக்கோணங்களையும் போனில் படம் எடுத்து, அவள் பெயரையும் எழுதி, அன்று சாயங்காலமே அந்தப் பேராசிரியருக்கு அனுப்பினேன். 'தங்கள் ஸ்லைடில் ஒரு சிறு சந்தேகம்' என்று பணிவாகத்தான் எழுதினேன். மூன்று வாரம் ஆகிறது. இதற்கிடையில் கல்லூரியிலிருந்து எனக்குக் கூரியரில் ஒரு சான்றிதழ் வந்தது. 'கருத்தரங்க விவாதங்களில் ஆர்வத்துடன் பங்கேற்றமைக்காக' என்று போட்டிருக்கிறார்கள். பேராசிரியரிடமிருந்து பதில் வரவில்லை. வந்தால் இதே பக்கத்தில் போடுகிறேன்.